ஆப் காட்டிய வலி

இன்று காலை வேங்கிக்கால் சுகாதார நிலையத்தில் மகனுக்குத் தடுப்பூசி. வீட்டுக்கு வந்தும் சிணுங்கிக்கொண்டே இருந்தான்.

கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணக்கிடும் ஆப் ஒன்றை நேற்றே போனில் ஏற்றி வைத்திருந்தேன். கேமராவைக் காட்டினேன்.

"முகம் தெளிவாக இல்லை" என்றது.

பஸ்ஸில் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று மனைவி கன்னத்தில் பெரிதாக வைத்த திருஷ்டிப் பொட்டுதான் காரணம் என்று முடிவு செய்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். மை லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன்.

வீறிட்டான். திரை சிவந்தது: "கடுமையான வலி."

"ஏய், வேலை செய்யுது! வந்து பாரேன்!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து ஓடிவந்தவள் போனைப் பார்க்கவே இல்லை. அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கன்னம் செக்கச்செவேலென்று இருந்தது.

"ஊசி போட்டது தொடையிலங்க. கன்னத்த என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவள் தோளில் அவன் எப்போதோ தூங்கிவிட்டான். ஆப் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. வலிக்குக் காரணம் பசியா, ஊசியா, காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

'அப்பா' என்று ஒரு பட்டன் இல்லை. நான் எதை அழுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.