மேசைக்கு அடியில் இருந்த கைகள்

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆள் எடுக்கும் நாட்களில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் தாளை நிரப்ப வேண்டும். படிப்பு, பேச்சு, அனுபவம் என்ற கட்டங்களுக்குக் கீழே உடல்மொழி என்று ஒரு கட்டம். முதுகு நிமிர்ந்திருக்கிறதா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்களா, கை எங்கே இருக்கிறது என்றெல்லாம் கவனித்துப் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். மேனேஜர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

கேட் பாஸ் போடும் வேலைக்கு ஆள் எடுத்த அன்று எங்கள் ஏரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள். ஆனால் எழுந்து போகும்வரை இரண்டு கைகளும் மேசைக்கு மேலே வரவே இல்லை. நடுவில் இரண்டு முறை குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் வெளியே போனதும் மேனேஜர், "ஏதோ மறைக்கிறாங்க" என்றார். மூன்று போடச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா எங்கள் ஊர் உப்புநீர் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். லீவு நாட்களில் நானும் இறங்கியிருக்கிறேன். இறால் முள் குத்தி விரலெல்லாம் கீறலாக இருக்கும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் ஆறாது. இதே அறைக்கு நான் வேலை கேட்டு வந்தபோது கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஏரிக்கரைப் பெண்கள் கையை மறைத்தால் அது கூச்சம் சார், கள்ளத்தனம் இல்லை என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மதிப்பெண் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்றை அடித்துவிட்டு ஏழு போடச் சொன்னார். வேலை அவளுக்கே கிடைத்தது.

முதல் வாரத்தில் ஒருநாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு கீறல்கூட இல்லாத விரல்கள். நகத்தில் பாலிஷ். ஏரியில் இறங்கியதே இல்லையா என்று கேட்டேன்.

"நானா? எங்க நைனாவுக்கு நெல்லு வெவசாயம்க்கா. ஏரிய பஸ்ல போறப்ப பாத்துக்கினு போறதுதான்."

அப்படியானால் அன்றைக்குக் கையை ஏன் மறைத்தாய் என்றேன்.

"போனுக்கா. சைலன்ட்ல போட மறந்துட்டேன். எங்க அடிச்சிடுமோன்னு ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிக்கினு இருந்தேன்."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அது அவளைப் பற்றியதே இல்லை. பிறகு யாருக்கு அந்த ஏழு போட்டேன்? எனக்கா? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு செல்போனால் அவளுக்கு வேலை போயிருக்குமே, அது மட்டும் நியாயமா?

இரண்டு நாள் பொறுத்து மேனேஜரிடமே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப நான் சொன்னது சரிதானே, மறைச்சாங்கல்ல?" என்றார். பிறகு, நன்றாகத்தான் வேலை செய்கிறாள், விடுங்கள் என்றார். எனக்குக் குழப்பம் கூடத்தான் செய்தது.

அடுத்த மாதம் வந்த ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டே கடைசிவரை பேசிவிட்டுப் போனார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். அஞ்சு போடட்டுமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளின் விண்ணப்பத்தை எடுத்தார். போட்டேன்.