சாவிக்காரர் போட்ட சார்ஜர்

சாவிக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டம்தான்: நுழைந்தால் சரி. கடைத்தெரு முனையில், கால் நீட்ட இடமில்லாத பெட்டிக்கடையில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக அரத்தால் ராவி ராவி அவர் கற்றுக்கொண்டது அது. சாவி துவாரத்துக்குள் இறுக்கமாகப் போக வேண்டும், திருப்பினால் உள்ளே ஒரு சத்தம் கேட்க வேண்டும். அதற்குமேல் அந்தச் சாவி பித்தளையா இரும்பா, யார் வெட்டியது என்றெல்லாம் எந்தப் பூட்டும் விசாரிப்பதில்லை. நல்ல சட்டம்தான், பூட்டுக்கு.

மனிதர் அதே சட்டத்தை வீட்டிலிருந்த சார்ஜர்களுக்கும் போட்டுவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

அவர் வீட்டில் எந்தப் பொருள் செத்தாலும் அதன் சார்ஜர் மட்டும் சாகாது. ஒரு பெரிய மாவு டின்னுக்குள் குடி போய்விடும். செத்துப்போன போன்கள், யாரோ கொடுத்த ரேடியோ, மகள் கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப் என்று எல்லாவற்றின் வயரும் அதில் பின்னிப் பிணைந்து கிடந்தன. "இது டின்னா, பாம்புப் புத்தா?" என்பாள் அவர் மனைவி. அவளுடைய போனுக்கு அவர் எடுத்துக் கொடுத்த நூல் மாதிரி மெல்லிய கேபிளில், காலையில் போட்டால் சாயங்காலம்வரை சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். "ஏறுதா இல்லையா? ஏறுதுல்ல? அப்புறம் என்ன?" என்று வாயை அடைத்துவிடுவார். அதுவரை அவருடைய சட்டத்தால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை.

மகளுக்குக் குழந்தை எட்டாம் மாதமே ஆபரேஷனில் பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருமகன் வேலை பார்ப்பது வேறு ஊர், வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். குழந்தைக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. தாய்ப்பாலை மெஷின் வைத்து எடுத்து, பாட்டிலில் ஊற்றி, மதியத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நர்ஸ் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். "பவுடர் பால் இந்த வயித்துக்கு இப்போ ஒத்துக்காது. உங்க பால்தான் மருந்து. நேரம் தவறாம எடுங்க, விட்டா குறைஞ்சிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் தூங்குகிறாளோ இல்லையோ, மெஷின் முன்னால் தவறாமல் உட்கார்ந்துவிடுவாள்.

சாவிக்காரருக்கு அந்த மெஷினின் பெயரைச் சொல்ல நா எழாது. 'மோட்டார்' என்பார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மகள் அதை ஓடவிட்டால், உடனே அவருக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். ஆனால் பாட்டில் பையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற பொறுப்பை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அன்றைக்குக் காலையில் மெஷினோடு வந்த அடாப்டர் வேலை நிறுத்தம் செய்தது. வயர் கழுத்துப் பக்கம் நைந்து, உள்ளே அறுந்துபோயிருந்தது.

"அப்பா, இதே மாதிரி ஒண்ணு கடையில வாங்கிட்டு வரீங்களா? இதைக் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள் மகள்.

"கடை திறக்கவே நேரமாகும்மா. நம்ம டின்ல இல்லாத சார்ஜரா?"

"வேணாம்ப்பா, பாத்து..."

"அட, நீ சும்மா இரு. நான் பாக்காத ஓட்டையா?"

டின்னைக் கவிழ்த்தார். ஒன்று தொளதொளவென்று ஆடியது. இன்னொன்று துவாரத்தின் வாயிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது, அந்தப் பழைய லேப்டாப்பின் அடாப்டர், அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. சாவிக்காரருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா! சொன்னேன்ல!" என்று கதவிடுக்கில் நீட்டிவிட்டு, வழக்கம்போல வாசலுக்குக் கிளம்பினார்.

செருப்பைக்கூட மாட்டியிருக்க மாட்டார். உள்ளே மெஷின் ஒரு வீறல் வீறிட்டது. பிறகு சத்தமே இல்லை. லேசாகக் கருகல் வாசனை வந்தது.

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையாலேயே எடுத்துப் பார்க்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நெஞ்சு கல்லாகக் கனத்து வலியில் முனகுவது வெளியே கேட்டது. அவ்வளவு பாடுபட்டும் பாட்டிலின் அடியை நனைக்கிற அளவுதான் வந்தது. ஆஸ்பத்திரி மெஷினுக்கு வரிசையில் உட்கார்ந்து முறை வருவதற்குள் குழந்தையின் வேளை தப்பிவிடும்.

மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள். "ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தீங்க. இன்னிக்கு என் பேரன் வாயைப் பூட்டிட்டீங்களே!"

அவர் மெஷினையும் இரண்டு அடாப்டர்களையும் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிற பெண் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கக்கூட விடாமல் மெஷினை மேஜைமேல் வைத்தார்.

"என்ன அண்ணே இது?"

"மோட்டார்மா."

"என்ன மோட்டார்?"

"சின்ன மோட்டார்."

"மீன் தொட்டிக்கா?"

சாவிக்காரருக்குக் காது மடல் சிவந்தது. மானம் பார்க்கிற நேரமா இது? "பால் எடுக்கறதும்மா. தாய்ப்பால். என் பொண்ணுக்கு. குழந்தை கண்ணாடிப் பெட்டியில இருக்கு. மதியத்துக்குள்ள பால் போகணும். நான்தான் தப்பான சார்ஜரைப் போட்டுக் கெடுத்துட்டேன்" என்று மூச்சுவிடாமல் கொட்டிவிட்டார்.

அவள் மேஜையில் பிரித்துக் கிடந்த போன்களை முழங்கையால் ஒதுக்கினாள். இரண்டு அடாப்டர்களின் முதுகிலும் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள்.

"இது கேக்கறது ஒன்பது வோல்ட். நீங்க ஊட்டினது பத்தொன்பது."

"நுழைஞ்சுதேம்மா!"

"நுழையும்ணே. எல்லாத்துக்கும் பின் ஒரே சைஸ்ல பண்ணி வெச்சிருக்காங்க, அதுதான் வம்பே. நுழையுதான்னு கடைசியாப் பாருங்க. முதல்ல வோல்ட். மெஷின்ல என்ன போட்டிருக்கோ அதேதான் இருக்கணும். ஆம்பியர் கூட இருந்தாத் தப்பில்ல, வேணுங்கறதை மட்டும் அது இழுத்துக்கும். குறைஞ்சா அடாப்டர் கொதிச்சுப்போகும். அப்புறம் இந்த வட்டப் படம், பின்னுக்கு நடுவுல பிளஸ்ஸா மைனஸான்னு சொல்லுது. அதுவும் ஒத்துப்போகணும்."

சொல்லிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினாள். சாவிக்காரர் ஆயுசில் எத்தனையோ பூட்டுகளைப் பிரித்துப் போட்டவர்தான். எல்லாச் சாவியையும் உள்ளே விட்டுவிட்டு அப்புறம் செத்துப்போகிற பூட்டை அவர் பார்த்ததே இல்லை. தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டபடி நின்றார். அவள் மீட்டரின் ஊசியை அங்கே இங்கே வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஏதாவது சொல்லித் தொலையேன் தாயே என்று கத்தலாம் போலிருந்தது.

கடைசியில் சிரித்தாள். "தப்பிச்சீங்க! ஃபியூஸ்தான் போயிருக்கு. மோட்டாரைக் காப்பாத்திட்டு அது செத்துப்போச்சு."

"நிஜமாவா?"

"இப்ப மாத்திடலாம். உக்காருங்கண்ணே."

ஃபியூஸை மாற்றினாள். ஒன்பது வோல்ட்டில் ஒரு புது அடாப்டரை எடுத்து, வட்டப் படத்தையும் சரிபார்த்து, செருகுவதற்கு முன்னால் அவரையே படிக்கச் சொன்னாள். அவரும் எழுத்துக்கூட்டிப் படித்தார். மெஷின் டுக் டுக் என்று இழுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் அந்த இடத்திலேயே அவளைக் கும்பிட்டுவிட்டார்.

வீட்டில் கதவிடுக்கு வழியாக மெஷினைக் கொடுத்தார். இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சீராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "வருதுப்பா" என்றது மகளின் குரல். மனைவி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்பு என்றால் அவள் அகராதியில் அதுதான்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வேளை தப்பியிருக்கவில்லை. நர்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு மகளையும் உள்ளே கூட்டிப்போனாள். மற்ற இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் ஈரமாகப் பளபளத்தது.

"முழுக்க இறங்கிடுச்சுப்பா. ஒரு சொட்டுகூட வெளியே தள்ளல. தூங்கறான்."

சாவிக்காரர் எழுந்து நின்றார்.

"மெஷின் நின்னதும் எனக்குப் பாலே நின்னுபோயிடும்னு பயந்துட்டேன்ப்பா. யார்கிட்டயும் சொல்லல" என்றாள் அவள்.

"நின்னது உன் அப்பன் மூளைதாம்மா. வேற ஒண்ணுமே நிக்கல."

மகள் சிரித்துவிட்டாள். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, வலிக்குதுப்பா, வலிக்குதுப்பா என்று சொல்லியபடியே சிரித்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து அந்த வீட்டார் யாரும் கேட்காத சத்தம் அது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாவிக்காரர் அழுதார்.