யாரும் திட்டாத பெண்

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் சுண்டு. ஆள் அவ்வளவு குட்டை. தையல் மெஷினின் மிதி காலுக்கு எட்டவில்லை என்று, வேலைக்குச் சேர்ந்த வாரமே பட்டறை முதலாளி மிதிக்கு மேல் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். ஊசி கீழே விழுந்தால், "சுண்டு, எடு. உனக்குத்தானே தரை பக்கம்" என்பார்கள். அவளும் சும்மா விடமாட்டாள். உயரத்தில் இருப்பவர்கள் மண்டைக்குள் வெறும் காற்றுதானே என்று திருப்பிக் கொடுப்பாள்.

அளவு சொன்னால் அவளுக்கு நினைவில் நிற்காது. ரெக்ஸினின் பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டுதான் வெட்டக் கொடுப்பாள். ஒருமுறை எழுத மறந்துபோய், ஒரு பேருந்துக்கான உறை முழுவதையும் இரண்டு விரல் சின்னதாகத் தைத்து வைத்துவிட்டாள். முதலாளி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. கண்ணை எங்கே அடகு வைத்தாய், கையை எங்கே அடகு வைத்தாய் என்று நீட்டி முழக்கினார். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, பாவம் அழுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தொடும் நேரத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதர் அவளை முழுசாகத் திட்டியிருக்கிறார்.

ஆறு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்தது. பிழைக்கமாட்டாள் என்று கைகழுவிய உறவினர்கள் எல்லோரும், பிழைத்த பிறகு அவளைக் கன்னத்தில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சினால் வளர்த்தி நின்றுபோனது. எண்கள் மனதில் ஒட்டாமல் போனதும் அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அவளுக்கும் அந்த இரண்டும் பெரிய குறையாகப் படவில்லை. குறையாகப் பட்டது வீடு.

வீட்டில் அவளைப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார்கள். அவள் தும்மினால் அம்மா கையில் இருக்கிற பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைப்பாள். காலையில் அவள் கண் திறப்பதற்கு முன்பே அம்மாவின் புறங்கை அவள் நெற்றியில் இருக்கும். பத்து வயதிலும் இருந்தது, இருபத்தைந்து வயதிலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் கடைசியாக வந்தாலும் ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பரிசுக் கிண்ணம் கொடுப்பார்கள். எதற்கு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. சாகாமல் இருந்ததற்குத்தான் என்று அவளே ஒருநாள் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அக்கா அவளைவிட நான்கு வயது மூத்தவள். மற்ற வீடுகளில் அக்கா தங்கை மயிரைப் பிடித்து உருளுவதை இவள் ஜன்னல் வழியாக வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். இவர்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்காது. அக்காவின் சட்டையை வேண்டுமென்றே மையில் நனைத்துப் பார்த்தாள். அக்கா அதைத் துவைத்துப் போட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றாள். விருந்தாளியிடம் பேசுகிற குரல் அது.

இருபத்தொன்பது வயதில், பட்டறைக்குப் பக்கம் என்று காரணம் சொல்லி, ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, குழாயடி பார்த்த ஒரு ஜன்னல். பட்டறையில் தன் நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் பஞ்சு இங்கேயும் வந்துவிடும் என்று தெரியும்.

ஒரே ஒருவனிடம் சொன்னாள். கட்டிங் மாஸ்டர் என்று பெயரே தவிர அவளைவிட இரண்டு வயதுதான் பெரியவன். அவள் தையலைத் தூக்கிப் பிடித்து, இது என்ன ஆறு ஓடுகிற வழியா என்று கேட்பான். அவன் வெட்டிய ஃபோமை அவள் எலி கடித்தது என்பாள். இப்படியே ஒரு வருடம் போனபின், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டான். மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை பிறப்பது நிச்சயமில்லை என்பதையும் சொன்னாள். அதற்கெல்லாம் அவன் பின்வாங்கவில்லை. நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

மறுநாள் அவளுடைய ரெக்ஸின் சுருளை அவனே தூக்கி வந்து வைத்தான். மதியம் தண்ணீர் பிடித்து வந்தான். அவள் கோணலாகத் தைத்த மடிப்பைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவள் இருமினாள், அவன் கத்தரியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். அன்று சாயங்காலம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அவனுக்குப் புரியவே இல்லை. அவளுக்கும் விளக்கத் தெரியவில்லை. நல்லவன்மேல் என்ன குற்றம் சொல்வது? கொஞ்ச நாளில் அவன் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். அவன் மேஜைக்கு வேறு ஆள் வந்தார், வாய் திறக்காதவர். விளையாட்டுப் பேச்சும் அதோடு போயிற்று.

அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தினாள். வருடத்துக்கு ஒருமுறை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். முதல் வருடம் தள்ளிப்போட்டாள், இரண்டாம் வருடம் மறந்ததுபோல் இருந்தாள். இடையில் ஒரு காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பழைய நோய் திரும்பியதற்கு அடையாளமாக உடம்பில் எங்காவது நீலம் பாரித்திருக்கிறதா என்று கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தாள். ஒருவரையும் கூப்பிடவில்லை. காய்ச்சல் தானாகவே விட்டது. அந்த நான்கு நாளில் எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லையே என்று அழுதாள். ஆள் வராமல் பார்த்துக்கொண்டவளும் தான்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பழைய வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார்கள். எடுத்தது அக்கா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா படியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை நடுவில் நின்றாள்.

"ரெண்டு வருஷமா போகலையாமே?"

"நேரம் கிடைக்கல."

"நேரம் கிடைக்கலையா? உனக்கு அறிவுன்னு ஏதாவது இருக்கா? உன்னைக் காப்பாத்த அந்த வீடு என்ன பாடு பட்டுச்சுன்னு தெரியுமாடி?"

அக்காவின் குரல் அந்த உயரத்துக்குப் போய் அவள் கேட்டதே இல்லை.

"உன்னை ஆஸ்பத்திரியில சேர்த்ததும் என்னைப் பெரியம்மா வீட்ல கொண்டு விட்டாங்க. பத்து நாளுன்னு சொன்னாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. நான் பெரியவளானது அங்கதான். ரத்தத்தைப் பார்த்து எனக்கும் உன் வியாதி வந்திருச்சுன்னு நினைச்சேன். அம்மா வந்தது மூணு நாள் கழிச்சு. உனக்கு அன்னைக்குக் காய்ச்சலாம்." அக்கா மூச்சு வாங்கினாள். "உன்மேல கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமப் போச்சு. நோயாளி மேல யாராவது கோபப்படுவாங்களா?"

"இப்ப படு" என்றாள் சுண்டு.

அக்கா அவளைப் பார்த்தாள். முகம் என்னவோ ஆயிற்று. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் சுண்டுவுக்கு அக்காவின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வலித்தது, ஆனால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோலவும் இருந்தது. மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. நேற்று பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாள். அதே பழைய விருந்தாளிக் குரல். சுண்டு போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. புதிதாக வந்திருந்த பெண் டாக்டர், தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் கதவு வரை போனவள், திரும்பி நின்றாள்.

"வீட்ல யாரும் என்கூடச் சண்டை போடறதில்ல, டாக்டர்."

டாக்டர் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உட்காரச் சொன்னார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, ஆனாலும் கேட்டார். மனநலம் பார்க்கிற ஒருவரிடம் மாதம் ஒருமுறை வந்து பேசும்படி சொல்லி அனுப்பினார். சுண்டு போய் வருகிறாள். அங்கேயும் சில நாள் பேசுகிறாள், சில நாள் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அக்காவுக்கு அவளே போன் செய்தாள். பெரியம்மா வீட்டில் நடந்ததை முழுசாகச் சொல்லு என்று கேட்டாள்.

"அம்மா பக்கத்துல இருக்காங்க" என்றாள் அக்கா, தாழ்ந்த குரலில். "அப்புறம் சொல்றேன்."

மழைக்காலம் வந்து போய்விட்டது. அக்கா இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறாள். கேட்டு முடித்த பிறகும் உடனே வைப்பதில்லை. இரண்டு பேரும் கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே குழாயடியில் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது. சரி வைக்கட்டுமா என்று அக்கா கேட்கிறாள். ம், என்கிறாள் இவள்.