சித்தப்பா கரைத்த மூன்றாம் தலைமுறை

அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கு வணக்கம். புகழ்மாலை எதிர்பார்ப்பவர்கள் அதைப் படத்துக்குப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போகலாம். அச்சகத்தில் நானே பக்கத்தில் நின்று இதை அச்சிட்டு வாங்கினேன். ஆகவே ஒரு வரியையும் யாராலும் எடுக்க முடியவில்லை.

அண்ணன் சேத்தூரில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் இராஜபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்திறங்கியது. அதன் உள்ளே இருந்தது 8088 என்ற பிராசசர். கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் வைத்து, பூரான் மாதிரி இருக்கும். அண்ணன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார். கம்ப்யூட்டர் மறுபடி ஓடியது. இனி இதுதான் அவர் தொழில் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால், "டிவி ரிப்பேர் பாக்கான்" என்றுதான் நீங்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். பழுதாகி வரும் கம்ப்யூட்டர்களிலிருந்து வகைக்கு ஒன்றாக நல்ல பிராசசரை எடுத்து, ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தினார். முதலில் 8088, அடுத்து 286, மூன்றாவதாக 386, அதன் பிறகு 486, பென்டியம். கடைசியில் காலே இல்லாத இந்தக் காலத்து ஒன்று. கால்களெல்லாம் போர்டுக்குப் போய்விட்டன. அண்ணன் அதைக் குடும்ப வம்சாவளி போலவே சொல்வார். 386 வரை கணக்குப் போட ஒரு தனிச் சில்லு பக்கத்தில் குடியிருந்தது. 486 அதைத் தன் வீட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. நம் குடும்பத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர் என்பது உங்களுக்கே தெரியும். பென்டியம் வந்தபோது, "நம்ம சித்தப்பா மாதிரி, தலையில ஃபேன் வைக்காம உக்காராது" என்றார்.

இந்த வம்சத்தில் எவ்வளவு புதிய பிராசசரும் கண் விழிக்கும்போது ஒரு கணம் அந்த முதல் தலைமுறையாகத்தான் விழிக்குமாம். பிறகுதான் தன் முழு பலத்துக்கு மாறுமாம். அண்ணனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவருக்கு நிரந்தர வேலை கொடுத்தது ஒரு மில்லின் நூல் சுற்றும் இயந்திரம். அதை ஓட்டியது ஒரு 386. அந்த வேலையை மதினிக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். நெஞ்சுவலி வந்து படுத்த பிறகு மில்லுக்குப் போய் வந்தது மதினிதான். கடைசி வாரம் அண்ணன் அவரிடம் சொன்னது இது: "மூணாவத பத்திரமா வச்சிக்கோ. அது இருக்கிற வரைக்கும் ஒனக்கு வேல இருக்கு."

பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. சித்தப்பா ஸ்குரூ டிரைவரோடு கடைக்குள் நுழைந்தார்.

"பழைய கம்ப்யூட்டர் சில்லுல தங்கம் இருக்காம்ல. சும்மா ஆணியில தொங்குது."

"மாமா, அந்த மூணாவத மட்டும் விட்ருங்க. மில்லுக்கு வேணும்" என்றார் மதினி.

"ஏம்மா, புருசன் போயி பத்து நாளாகல, மில்லு என்ன மில்லு? பொம்பள ஸ்பானரத் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்காதா?"

நான் பலகையைப் பிடித்தேன். "ஏட்டி, கட்டிக் குடுத்த வீட்டப் பாரு" என்று என் கையைத் தட்டிவிட்டார். அங்கே ஒன்பது பேர் நின்றீர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சித்தப்பா ஆறையும் பிடுங்கிப் போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டுக் கொல்லையில் ஆசிட் வாளியில் போட்டார். கிடைத்தது கொஞ்சம் பச்சைச் சேறும் விரலில் கொப்புளமும். ஆசைக்கு அளவில்லை என்பார்கள். அறிவுக்கு அளவு இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதமே மில் இயந்திரத்தில் 386 போய்விட்டது. பென்டியம் போர்டு வைத்து மதினி ஓட்டிப் பார்த்தார். பழைய புரோகிராம் அதன் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை, நூல் அறுந்து அறுந்து விழுந்தது. "பத்து நாள் பாப்போம்மா, இல்லைன்னா மிஷினயே மாத்திருவோம்" என்றார் மில் மேலாளர். மதினியும் நானும் மதுரைவரை தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பினோம்.

எட்டாம் நாள் மதினிக்கு நினைவு வந்தது. மகாராஜபுரத்தில் ஒரு ஜோதிடருக்கு அண்ணன் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட ஒரு 386 பெட்டி கொடுத்திருந்தார். போய்க் கேட்டோம்.

"அவிய மாட்டிக் குடுத்ததுதான, எடுத்துட்டுப் போங்கத்தா. இப்ப எவன் எங்கிட்ட வாரான்? எல்லாவனும் போன்லயே ஜாதகம் பாத்துக்கிடுதான்" என்றார்.

போனுக்குள் இருக்கும் பிராசசர் வேறு வம்சம், சூடும் குறைவு, கரண்டும் குறைவு, இனி அதன் ராஜ்ஜியம்தான் என்று அண்ணன் சொன்னது எனக்கு நினைவு வந்தது. சாகப் போகிற வம்சத்தின் ஒரு பிராசசரை மதினி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். அன்று மாலையே இயந்திரம் ஓடியது. பஸ்ஸில் அழாத நான் அந்த இரைச்சலில் நின்று அழுதேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருவர்தான். சொன்ன சொல் மாறாமல் பொறுத்த மேலாளருக்கு நன்றி. கேட்டதும் பெட்டியைத் திறந்து கொடுத்த ஜோதிடருக்கு நன்றி. சித்தப்பாவுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் மதினி. நான் எழுத மாட்டேன்.

தலைத்திவசத்தன்று மதினி எங்கே என்று இப்போது முணுமுணுப்பீர்கள். விடியற்காலையிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மில்லுக்கு இன்று வார விடுமுறை. இயந்திரத்தைத் திறந்து பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள். வேலை முடிந்து பசியோடு வருவார். முதல் பந்தியில் அண்ணன் படத்துக்கு எதிரே ஓர் இலை போட்டு வைத்திருக்கிறேன். அது மதினிக்கு. சித்தப்பா அதில் உட்கார வேண்டாம்.