இடது கை வேண்டாத ஓட்டல்

பரிமாறுகிற தொழிலில் பசியோடு வருகிறவரைச் சமாளித்துவிடலாம். கௌரவத்தோடு வருகிறவரிடம்தான் மாட்டிக்கொள்வோம். என்னைப் போலவே சர்வராகத் தட்டேந்திப் பிழைத்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐம்பதுகளில், திருவள்ளூரில் மில்காரர்களின் பங்களாக்கள் இருந்த தெருவில், பழவேற்காட்டு வியாபாரி காதர் பாய் ஒரு மேல்நாட்டு ஓட்டல் திறந்தார். வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு, இந்தப் பக்கம் முள்கரண்டி, அந்தப் பக்கம் கத்தி. மதராஸ் கிளப் ஒன்றின் வேலையை உதறிவிட்டு நான் அங்கே தலைமைச் சர்வராகச் சேர்ந்தேன். திரும்பிப் போக வழியில்லை.

முதல் குடும்பம்

அரிசி மில் ரங்கய்யா நாயுடு மனைவியும் மகளுமாக வந்தார். முள்கரண்டியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்று கிளப் வழக்கப்படி செய்து காட்டினேன். நாயுடு தன் இடது கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துவிட்டார். "இன்னாபா, இந்தக் கையாலயா வாயில வெக்கச் சொல்றே? நீ உங்க ஊட்ல அப்படித்தான் துன்றியா?"

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அதன் பிறகு நாற்காலிகளுக்குத் தூசி தட்டுவதே என் வேலையானது. கடலை மண்டிக்காரர் ஒருவர் கிடங்குக்கு இடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, தை பொறக்கறதுக்குள்ள நாற்காலி ரொம்பலேன்னா கடலை மூட்டைய அடுக்கிடுவேன். மூட்டைக்கு எந்தக் கையும் கெடையாது."

இத்தாலிய இடியாப்பம்

பக்கத்து ஆலையில் இயந்திரம் பூட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்திருந்தார். எங்கள் கட்லெட்டை ஒரு வாய் தின்றுவிட்டு நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். மைதாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்தார். நூல் நூலாக வேண்டும் என்று விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டிவிட்டுக் கை கழுவப் போனார். சமையல்காரர் முனுசாமிக்கு அது போதும். மாவை இடியாப்ப அச்சில் பிழிந்து ஆவியில் வைத்துவிட்டார்.

இத்தாலிக்காரர் முள்கரண்டியால் ஓர் இழையைத் தூக்கினார். தட்டிலிருந்ததெல்லாம் ஒரே அடையாக மேலே வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மறு மாவு பிசைந்து, தானே பிழிந்து, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போடப் போனார். முனுசாமி குறுக்கே கையை நீட்டினார். "தொர, வேணாம் தொர! தண்ணில போட்டா கூழாயிக்கினு பூடும்!"

கூழாகவில்லை. இழை இழையாக நின்றது. பூண்டும் தக்காளியும் வதக்கி, பழவேற்காட்டு இறாலைப் போட்டுப் புரட்டினார்கள். முனுசாமி ஒரு கவளம் தின்று பார்த்தார். "இதுக்கு அச்சு மட்டும்தாங்க நம்முளுது. மத்தது வேற சாதி."

மதுவிலக்கு

சாப்பாட்டோடு ஒயின் வேண்டும் என்றார் இத்தாலிக்காரர். மாகாணத்தில் மதுவிலக்கு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். பாய் பெருமையோடு நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தார். இத்தாலிக்காரர் பாதி குடித்தார், கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மரியாதையாகக் கேட்டார்: "நல்ல மருந்து. எனக்கு என்ன வியாதி?"

ஒரே கை

அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தியைத் தொடவில்லை. முள்கரண்டி வலது கையில். சுற்றினார், வாயில் வைத்தார். இடது கை மடியில் சும்மா கிடந்தது.

அன்றே எல்லா மேஜையிலிருந்தும் கத்திகளை எடுத்தேன். முள்கரண்டியை வலப்பக்கம் வைத்தேன். நேராக நாயுடு வீட்டுக்குப் போய், ஒரே ஒரு தடவை, வலது கையோடு மட்டும் வந்தால் போதும் என்றேன்.

போகிக்கு முந்தின நாள் வந்தார், ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரோடு. நாயுடு சுற்றினார், இழை நழுவியது. சம்பந்தி சுற்றினார், மீசையில் ஒட்டியது. அப்போது நாயுடுவின் மகள் பக்கத்து மேஜை இத்தாலிக்காரரை ஒரு பார்வை பார்த்து, கரண்டி முனையைத் தட்டில் ஊன்றித் திருகினாள். உருண்டையாக வந்தது. "நைனா, பம்பரம் மாதிரி சுத்து நைனா!"

அதன் பிறகு மேஜையில் எல்லா முள்கரண்டியும் சுழன்றது. இன்னும் வேண்டும் என்று மூன்றாம் தடவை கேட்டபோது முனுசாமி அச்சைக் கழுவவே மறந்திருந்தார். வாசலில் அட்வான்ஸோடு நின்ற மண்டிக்காரரிடம் பாய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். சம்பந்தி மீசையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பொங்கலுக்கு எங்க சனம் மொத்தமும் வருது. இடம் இல்லேன்னு மட்டும் சொல்லிடாத, பேஜாராயிடும்."

ஒரு நாட்டுச் சமையல் இன்னொரு நாட்டில் எப்படி வேரூன்றுகிறது என்று படித்தவர்கள் பலவிதமாக எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அது கத்தியை எடுத்து உள்ளே வைத்ததும் வேரூன்றிவிட்டது.