ஆட்டையப் போட்ட வண்டி

என் தாய்மாமாவுக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது எட்டு மாதம்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். நிரந்தர ஊழியர்களின் வண்டிகள் கேட்டுக்கு உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே நிற்கும். காண்ட்ராக்ட் ஆட்களின் வண்டிகள் வெளியே புளியமரத்தடியில் நிற்கும். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தபோது மரம் மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பஸ் மாறி மாறி மணவாள நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: "வண்டிய ஆட்டையப் போட்டுட்டானுங்கக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தார். பதறி எழுந்த அம்மாவும் கடைசியில் சிரித்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. வண்டி தொலைந்ததற்கு ஒருவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சொல்லில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு தெருவில் யார் விசாரித்தாலும் மாமா திருட்டு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார். ஒருவரிடம் சுட்டுட்டான் என்பார், இன்னொருவரிடம் தூக்கிட்டான், லவட்டிட்டான், அபேஸ் பண்ணிட்டான். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. திருடு போய்விட்டது என்றால் கேட்பவர் முகம் மாறும். பூட்டினாயா, போலீசில் எழுதிக் கொடுத்தாயா என்று புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவார். சுட்டுட்டான் என்றால் தோளில் தட்டி ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

நான் அந்தச் சொற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் மாமாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இன்ஜின் ஆறுவதற்குள் வண்டியை எடுத்துப் போகிறவனுக்குக் காலில் சுடுமாம், அதனால் சுட்டது. திருப்பாச்சூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள், ஆடு குறைந்ததும் வண்டிக்கு வந்துவிட்டார்களாம், அதனால் ஆட்டையப் போட்டது. அபேஸ் மட்டும் இங்கிலீஷ், டீச்சரைக் கேள் என்றார். கேட்டேன். டீச்சர் என்னை பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்.

கும்மிடிப்பூண்டியில் மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒடிசாக்காரர் ஒருவர், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவசரமாக ஊருக்குக் கிளம்பினார். திரும்பி வரும்வரை ஓட்டிக்கொள் என்று தன் பழைய வண்டியை மாமாவிடம் விட்டுப் போனார். ஆர்.சி. புத்தகம் மட்டும் அவர் பையோடு ஒடிசாவுக்குப் போய்விட்டது. சிவப்பு வண்டி. ஒரு பக்கம் இண்டிகேட்டர் கிடையாது. அதில் மாமா வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, ஏது வண்டி என்று கேட்டார்கள்.

"இன்னா பண்றது, என்னுத ஒருத்தன் ஆட்டையப் போட்டான். நான் ஒண்ண ஆட்டையப் போட்டுகினு வந்துட்டேன்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு பேசாத பிள்ளைகளும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாமாவுக்குக் கடம்பத்தூரில் பெண் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு ரவிக்கை தைக்கப் பெண்ணிடம் அளவு ஜாக்கெட் வாங்கிவர வேண்டும். ஆண்பிள்ளை தனியாகப் போய் அதைக் கேட்டால் நன்றாக இருக்காது என்று, ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். என் மடியில் பூவும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் இருந்தன. கடம்பத்தூருக்குப் பாதி வழியில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா இறங்கி உள்ளதைச் சொன்னார். கூட வேலை செய்கிறவருடைய வண்டி, ஊருக்குப் போயிருக்கிறார், புத்தகம் அவரிடம் இருக்கிறது. பெரியவராக இருந்த போலீஸ்காரர் அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். குரலை மிகவும் மென்மையாக்கிக்கொண்டார்.

"பாப்பா, நீ சொல்லு. இது யாரு வண்டி?"

மாமா என்னைப் பார்த்தார். அவருடைய வேடிக்கையை என் வாயால் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"எங்க மாமா கும்மிடிப்பூண்டில ஆட்டையப் போட்டுகினு வந்தது சார்."

போலீஸ்காரர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லு என்றார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"கொழந்த சார். நான் ஊட்ல வெளையாட்டுக்குச் சொன்னது" என்றார் மாமா. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். எங்கள் காலனித் தெருவின் பெயரைச் சொன்னதும் அவர்களுக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாமாவை வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

அந்த வழியாக வந்த தெரிந்தவர் ஒருவர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அது நல்ல போலீஸ், நான் பேசியதற்குச் சிரித்தது என்று நான் சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை. அப்பாவோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். அவனே ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒடிசாக்காரரின் போன் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. தன் அப்பாவைத் தகனம் செய்துவிட்டு மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார். புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினார், போலீசிடமும் பேசினார். மாமாவை விட்டார்கள்.

கம்பெனியில் அவர் இடத்துக்கு காண்ட்ராக்டர் வேறு ஆளை எடுத்திருந்தார். கடம்பத்தூர்க்காரர்கள் சண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே பொருத்தம் பார்த்துப் பத்துக்கு ஒன்பது என்று சொன்ன அதே ஜாதகம். மாமாவுக்குக் கல்யாணமாக அதற்கு மேல் ஏழு வருடம் பிடித்தது. பேச்சுக்குப் பேச்சு வேடிக்கை செய்தவர், யாராவது ஒன்று கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவரானார். இன்றும் அவர் வீட்டுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சொல்லாமலே திரும்புகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அழுது முடித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"நீயே ஒத்துக்கினன்னு சொன்னாங்களே, அவங்களாண்ட இன்னாடா சொன்ன?"

"நான்தான்க்கா வாய வெச்சிகினு சும்மா இல்ல. ஆட்டையப் போட்டதுன்னு வெளையாட்டா சொல்லிட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ உன் வாயாலேயே கெடுவாய் என்று எத்தனை தரம் சொன்னேன் என்றாள். மாமா தலையாட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை. சொன்னது நான். சிரிக்க வைத்ததும் நான். மாமாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று போலிருக்கிறது. "இல்லம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ போய் ஒரு சோப்பு வாங்கிகினு வா, குளிக்கணும்" என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே.

வீட்டில் சோப்பு இருந்தது. அதையும் சொன்னேன். போ என்றார். பெரியவர்கள் பேசும்போது என் பங்கு வருகிற சமயம் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள் என்று பொருமியபடி, அவர் மேல் தாளாத கோபத்தோடு நான் கடைக்குப் போனேன்.