யார் பக்கத்து இரத்தம்?

தாராவியில் வசிப்பவனும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விடுத்து வாசகசாலையில் தன் முயற்சியாலேயே கற்றவனும், அகவை அறுபத்தேழு நிறைந்தவனுமாகிய சு. வேலாயுதப்பெருமாள் என்னும் நான் எழுதுவது: இம்மாநகரில் ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்குக் கதவு திறக்கும்; இரத்தம் கேட்டு வருகிறவனுக்குத் திறக்காது. பைபோலார் என்று மருத்துவர்கள் கூறும் மனநோய் சில காலம் அடங்காத உற்சாகத்தையும், சில காலம் எழவே இயலாத சோர்வையும் தருவது. அது பரம்பரையில் எவ்வாறு இறங்குகிறது என்று ஆராயும் குழுவுக்காக, குடும்பங்களைக் கண்டு சம்மதம் பெறும் களப்பணியாளன் நான். வாசல்தோறும் வசவு வாங்கிப் பிழைக்கும் அன்பர்கள் என் துயரை அறிவீர்கள்.

நலமாக இருப்பவரின் அச்சம்

நோயுற்றவர் இரத்தம் மட்டும் எங்களுக்குப் போதாது. நோயில்லாத உறவினர் இரத்தமும் வேண்டும். ஒப்பிட்டால்தானே வேறுபாடு புலப்படும்? செம்பூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம் இதனை விளக்கினேன். அவர் தம்பிக்கு நோய் உண்டு, அவருக்கு இல்லை. பொறுமையாகக் கேட்டார். காப்பியும் கொடுத்தார். பிறகு வாசல்வரை வந்து சொன்னார்: "நான் நார்மல்னு பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க ரத்தம் எடுத்துண்டு போனேள்னா, அப்பறம் எனக்கே ஒரு டவுட் வந்துடும் ஸார்."

பேச்சியம்மாள் மீது வழக்கு

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் செல்வம், மருந்தினால் நோயை அடக்கி நலமாக வாழ்பவர். தாமாகவே முன்வந்து இரத்தம் கொடுத்தார். அவருடைய சுற்றமும் வந்தால் எங்கள் ஆய்வில் அதுவே மிகப் பெரிய குடும்பம். ஆனால் தந்தை வழியிலும் வரவில்லை, தாய் வழியிலும் வரவில்லை.

காரணம், மகன் நோயுற்ற நாள்முதல் தாயார் பேச்சியம்மாள் மேல் விழுந்த பழி. காலமான கணவரின் தங்கை இசக்கியம்மாள்தான் பழித்தவர். தாய்மாமனோ பழியை மறுபக்கம் திருப்பிவிட்டார். இடையில் சிக்கிய பேச்சியம்மாள் கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்கும் போவதையே நிறுத்திவிட்டார். இரத்தம் கேட்கப் போன என்னிடம் இசக்கியம்மாள் உரைத்தது: "எங்க அண்ணன் வம்சத்துல கிறுக்கே கெடையாது, அண்ணாச்சி. எல்லாம் அவ கொண்டுவந்த சீர்வரிசை."

செல்வத்தின் உபாயம்

செல்வம் என்ன செய்தார் தெரியுமா? தங்கள் பக்கம் சுத்தம் என்று காட்ட அத்தை வீட்டார் அனைவரும் இரத்தம் கொடுக்கப் போவதாக மாமாவிடம் சொன்னார். மாமா வீட்டார் போவதாக அத்தையிடம் சொன்னார். நான் பதறினேன். சம்மதம் தெளிந்து தர வேண்டியது, கிளப்பிவிட்டு வாங்குவதன்று எனக் கடிந்தேன். எங்கள் ஆய்வுக் குழுவின் டாக்டரம்மா முழு உண்மையையும் சொல்லிய பின்னரே ஊசி எடுக்கப்படும் என்றேன். அவர் சிரித்தார்: "சொல்லட்டும் அண்ணாச்சி. சண்டைக்குன்னு கூப்பிட்டா வாராத ஆளு எங்க குடும்பத்துல யாரு இருக்கா?"

மாட்டுங்கா முகாமில்

இரத்தம் எடுக்கும் முகாமுக்கு இரு வீட்டாரும் வந்தார்கள்! இரு படைகளாக எதிரெதிர் பெஞ்சுகளில் அமர்ந்தார்கள். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் டாக்டரம்மா நடுவில் நின்று, "இது ஒரே ஒரு மரபணுவோட வேலை இல்லை. பல மரபணுக்கள், ஒவ்வொண்ணும் துளித்துளியா சேர்றது. எந்தப் பக்கம்னு இந்த டெஸ்ட் சொல்லாது. வேண்டாம்னு தோணித்துன்னா இப்பவே போயிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். சிலர் எழுந்தனர்.

டாக்டரம்மா உறவுமுறைகளைக் கேட்டு, வம்சக் கோடுகளைப் பலகையில் வரையத் தொடங்கினார். பேச்சியம்மாளின் தாயார், இசக்கியம்மாளின் தந்தைக்கு உடன்பிறந்த தங்கை. ஆக, இசக்கியம்மாளின் அண்ணன் மணந்தது சொந்த அத்தை மகளை. ஊரறிந்த செய்திதான். ஆயினும் இரு பக்கம், இரு பக்கம் என்று சண்டையிட்ட எவருக்கும் அது அதுவரை உறைக்கவில்லை. இரண்டு கோடுகளும் மேலே போய் ஒரே தம்பதியரிடம் முட்டி நின்றன. எழுந்தவர்கள் உட்கார்ந்தனர். இசக்கியம்மாள் மெல்ல எதிர்ப்பெஞ்சுக்கு நடந்து, பேச்சியம்மாள் அருகில் அமர்ந்து, தம் கையை நீட்டினார்: "மொதல்ல எனக்கு எடுங்க டாக்டரம்மா. மதினிக்கு ஊசின்னா பயம். நான் பக்கத்துல இருந்து புடிச்சிக்கிடுதேன்."

எங்கள் ஆய்வு முடிய இன்னும் பல்லாண்டுகள் ஆகலாம். பேச்சியம்மாள் மீதிருந்த வழக்கோ ஆவணி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்கு முன்பே தள்ளுபடியாயிற்று.